ராக்கி (1976): பார்த்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்விகளும் என் பதில்களும்

ராக்கி படத்தை ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். தனியாகப் பார்த்ததைவிட யாரையாவது உட்காரவைத்துப் பார்த்ததுதான் அதிகம். படம் முடிந்ததும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பக்கத்திலேயே இன்னொருவர், "இதுக்கா ஆஸ்கர் குடுத்தாங்க?" என்பார். என் அக்கா மகள் ஒரு காட்சியில் எழுந்தே போய்விட்டாள். அந்தக் காட்சி கீழே வருகிறது.

ஒவ்வொரு தடவையும் வந்து விழும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? எப்போதோ பார்த்தது, மறந்துவிட்டது.

பிலடெல்ஃபியா நகரத்தின் கென்சிங்டன் பகுதி. அழுக்கான ஓர் ஒற்றை அறையில் இரண்டு ஆமைகளோடு வாழ்கிறான் ராக்கி பல்போவா. முப்பதை எட்டிய இடக்கை குத்துச்சண்டைக்காரன். குத்துச்சண்டை சோறு போடவில்லை, அதனால் காட்ஸோ என்ற கந்துவட்டிக்காரனுக்கு வசூல் செய்து கொடுக்கிறான். தெருவில் இருக்கும் செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்க்கும் ஏட்ரியன் மேல் அவனுக்கு ஆசை. அவளோ வாயே திறக்காத பெண். அவளுடைய அண்ணன் பாலி இறைச்சிக் கிடங்கில் வேலை செய்கிற குடிகாரன்.

இன்னொரு பக்கம் உலக சாம்பியன் அப்போலோ க்ரீட். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டு பிறக்கும் நாளில், 1976 ஜனவரி 1 அன்று, அவனுக்கு ஒரு பெரிய போட்டி ஏற்பாடாகியிருக்கிறது. எதிராளிக்குக் கையில் காயம். இருக்கிற சில வாரத்தில் வேறு யாரும் வரத் தயாரில்லை. சரி, உள்ளூரில் பெயர் தெரியாத ஒருவனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் நல்ல விளம்பரம் என்று அப்போலோவுக்குத் தோன்றுகிறது. பட்டியலைப் புரட்டும்போது 'இத்தாலியன் ஸ்டாலியன்' என்ற பட்டப்பெயர் கண்ணில் படுகிறது. ராக்கி தேர்வானதற்குக் காரணம் அந்தப் பெயர்தான், திறமை பற்றிய பேச்சே அங்கே இல்லை.

எழுதி நடித்தவர் சில்வஸ்டர் ஸ்டலோன், இயக்கியவர் ஜான் ஏவில்ட்சன். ஏட்ரியனாக டாலியா ஷயர், பாலியாக பர்ட் யங், கோச் மிக்கியாக பர்ஜஸ் மெரிடித், அப்போலோவாக கார்ல் வெதர்ஸ்.

கடைசியில் ராக்கிதானே ஜெயிப்பான்? எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

இல்லை. தோற்கிறான். பதினைந்து ரவுண்டும் முடிந்து, நடுவர்களின் தீர்ப்பு பிரிந்து, அப்போலோ பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறான்.

இந்தத் தப்பு ஞாபகம் உங்களுக்கு மட்டும் இல்லை. நான் முதலில் பார்த்தது கேபிள் டிவியில் ஓடிய நான்காம் பாகம், ரஷ்யாக்காரனோடு மோதுவது. அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் ஒன்றாம் பாகத்தைப் போட்டேன், முடிவைக் கவனிக்காமலே விட்டேன். 1979இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் ஜெயிக்கிறான், அதுவும் இதோடு கலந்துவிடுகிறது. இந்தப் படத்தைப் பற்றி நடக்கிற வாக்குவாதத்தில் பாதி, 1976இல் வந்த படத்தைப் பற்றியதே இல்லை. பின்னால் வந்த பாகங்கள் எழுப்பிய சத்தத்தைப் பற்றியது.

இன்னொரு காரணம், ஏவில்ட்சன் தீர்ப்பைப் படமாக்கிய விதம். அறிவிப்பாளர் முடிவைப் படிக்கும்போது யாரும் கேட்பதில்லை. ராக்கி கண் வீங்கி மூடிய நிலையில் ஏட்ரியன் பெயரைக் கத்திக்கொண்டிருக்கிறான். அவள் கூட்டத்துக்குள் முண்டியடித்து வருகிறாள், வழியில் தொப்பி கழன்று விழுந்துவிடுகிறது. மேடையேறி வந்தவளிடம் அவன் முதலில் கேட்பது, "தொப்பி எங்கே?" இந்த அமளியில் பட்டம் யாருக்குப் போனது என்பது பின்னணி இரைச்சலாகிவிடுகிறது. இசையமைப்பாளர் பில் கான்டியின் இசை வேறு வெற்றி முரசு மாதிரி முழங்குகிறது. தோல்வியை இப்படிக் கொட்டுமேளத்தோடு காட்டினால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

தோற்றவனைப் பார்த்து ஏன் சந்தோஷப்பட வேண்டும்? அப்படியானால் படம் என்னதான் சொல்ல வருகிறது?

போட்டிக்கு முந்தைய இரவுக் காட்சிதான் இதற்குப் பதில். ராக்கிக்குத் தூக்கம் வரவில்லை. ஆளில்லாத அரங்கத்துக்குப் போகிறான். அங்கே தொங்கும் பிரம்மாண்டமான படத்தில் அவனுடைய கால்சட்டையின் நிறம் மாறியிருக்கிறது. போட்டி நடத்துபவரிடம் சொல்கிறான். அவர், அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்கிற தொனியில் சிரித்துவிட்டு, போய்த் தூங்கச் சொல்கிறார். இந்தக் கதையில் ராக்கி யார் என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து ஏட்ரியன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனை என்னால் ஜெயிக்க முடியாது என்கிறான். அழவில்லை, வீரவசனமும் இல்லை. இதுவரை யாரும் அப்போலோவோடு கடைசி ரவுண்டு வரை நின்றதில்லை. கடைசி மணி அடிக்கும்போது நான் நின்றுகொண்டிருந்தால், நான் பத்தோடு பதினொன்றாகத் திரிகிற உதவாக்கரை இல்லை என்று எனக்கே தெரிந்துவிடும் என்கிறான். அவன் வைத்துக்கொண்ட கணக்கு அவ்வளவுதான், அந்தக் கணக்குப்படி அவன் ஜெயித்துவிடுகிறான்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. என் நண்பர் ஒருவர், "இது ஏழைக்குச் சொல்கிற ஆறுதல். பணம் அப்போலோவுக்கு, மனத்திருப்தி ராக்கிக்கா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் படம் அதை மறைக்கவில்லை. அப்போலோவுக்கு இது வியாபாரம் என்பதைக் காட்சிக்குக் காட்சி காட்டுகிறது. கிடங்கில் தொங்கும் இறைச்சியைக் குத்தி ராக்கி பயிற்சி எடுப்பது தொலைக்காட்சியில் ஓடும்போது அப்போலோவின் பயிற்சியாளர் மட்டும் முகம் மாறிப் பார்க்கிறார். அப்போலோவைக் கூப்பிடுகிறார். அவனோ விளம்பரக் கணக்கில் மும்முரமாக இருக்கிறான், திரும்பக்கூட இல்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லையே?

குத்துச்சண்டைப் படம் என்று உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு மணி நேரப் படத்தில் பயிற்சி சூடுபிடிக்கவே முக்கால்வாசி ஓடிவிடுகிறது.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். தேவாலயக் கூடம் மாதிரி ஓர் இடத்தில் சிகரெட் புகைக்கு நடுவே அவன் ஜெயித்து, கழிவெல்லாம் போக 40 டாலர் சொச்சம் வாங்குகிறான். கடன்காரனின் கட்டைவிரலை உடைக்கச் சொல்லி அனுப்பினால், உடைக்காமல் திரும்பி வந்து திட்டு வாங்குகிறான். தெருமுனையில் பையன்களோடு சுற்றும் ஒரு சிறுமியை வீடுவரை கொண்டுபோய் விட்டு, வழியெல்லாம் புத்தி சொல்கிறான். அவள் வீட்டு வாசலில் ஏறி நின்று அவனைத் திட்டிவிட்டு உள்ளே போகிறாள். 'நீ யாருடா எனக்குப் புத்தி சொல்ல' என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு அவன் நடக்கிறான்.

ஜிம்முக்குப் போனால் பூட்டு திறக்கவில்லை. ஆறு வருடமாக அவன் வைத்திருந்த லாக்கரை மிக்கி வேறு ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார், சாமான்கள் பையில் தொங்குகின்றன. எனக்கு இதுதான் படத்தின் முதல் குத்து. இதையெல்லாம் பார்க்காமல் நேராகக் கடைசிச் சண்டைக்குத் தாவினால், இரண்டு பேர் அடித்துக்கொள்வது மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. வேகமான படங்களில் பழகியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒளி மங்கல், வசனம் முணுமுணுப்பு. முதல் தடவை நானும் பாதியில் செல்போனை எடுத்தேன்.

ஸ்டலோனுக்கு நடிக்க வருமா? வாய்க்குள்ளேயே பேசுகிறாரே.

பிறக்கும்போது ஆயுதம் போட்டு எடுத்ததில் முகத்தின் ஒரு பக்க நரம்பு பாதிக்கப்பட்டது. அந்த வளைந்த உதடும் குழறும் பேச்சும் அதனால் வந்தவை. பின்னால் துப்பாக்கி தூக்கிய ஸ்டலோனைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் படத்தின் ஸ்டலோனைப் பார்த்தால் வேறு ஆள் என்பார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டு நடப்பதும், யாரும் சிரிக்காத ஜோக்கைச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்ப்பதும், ஆமைகளிடம் பேசுவதும் நடிப்பு இல்லாமல் என்ன?

ஒரு சின்ன இடம். போட்டி அறிவிப்பின்போது தொலைக்காட்சியில் அப்போலோ அவனைக் கிண்டல் செய்கிறான். வீட்டில் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் உறைக்கவில்லை என்கிறான் ராக்கி. கிளம்பும்போது வாசலில் நின்று ஏட்ரியனிடம், உறைக்கவில்லை என்று சொன்னேனே, உறைத்தது என்கிறான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சிறந்த நடிகர், சிறந்த திரைக்கதை இரண்டுக்கும் ஸ்டலோன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதற்கு முன் ஒரே படத்தில் நடிப்புக்கும் எழுத்துக்கும் அப்படி வந்தவர்கள் இரண்டே பேர், சாப்ளினும் ஆர்சன் வெல்ஸும். எல்லாருக்கும் பிடித்தது என்றும் சொல்ல முடியாது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கேன்பிக்குப் படமும் பிடிக்கவில்லை, ஸ்டலோனும் பிடிக்கவில்லை. இன்னொரு விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார்.

டாக்ஸி டிரைவர், நெட்வொர்க் எல்லாம் இருக்கும்போது இதற்கு ஏன் சிறந்த பட விருது?

சினிமா ஆர்வலர்கள் தீர்க்காமல் வைத்திருக்கும் பாக்கி இது. பத்துப் பரிந்துரை, மூன்று விருது: படம், இயக்கம், படத்தொகுப்பு. எதிரே நின்றவை டாக்ஸி டிரைவர், நெட்வொர்க், ஆல் த பிரசிடென்ட்ஸ் மென், பவுண்ட் ஃபார் குளோரி. டாக்ஸி டிரைவரை இயக்கிய ஸ்கார்சேஸி அந்த வருடம் சிறந்த இயக்குநர் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கோபத்தை ராக்கி மேல் காட்டுகிறோம்.

அந்த நான்கு படங்களையும் பாருங்கள். மூன்று படங்கள் நாட்டின் ஏதாவது ஓர் அழுகலைப் பற்றியவை: தனிமையில் பைத்தியம் பிடிப்பவன், விற்பனைக்கு வந்துவிட்ட தொலைக்காட்சி, வெள்ளை மாளிகையின் திருட்டு. 1974இல் நிக்சன் பதவி விலகினார், 1975 ஏப்ரலில் வியட்நாமில் சைகோன் விழுந்தது. அப்படி இருந்த அமெரிக்காவில் ஒரு மனிதன் காலையில் எழுந்து ஐந்து பச்சை முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடக் கிளம்புகிறான். ஓட்டுப் போட்டவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

எனக்குக் கையில் ஓட்டு இருந்தால் டாக்ஸி டிரைவருக்குத்தான் போடுவேன். மழைநாளில் எதைப் போட்டுப் பார்ப்பாய் என்று கேட்டால் ராக்கி.

குத்துச்சண்டை தெரிந்தவர்கள் கடைசிச் சண்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்களே?

சிரிப்பது நியாயம். இருவரும் தடுப்பதே இல்லை. தாடையிலும் விலாவிலும் விழும் குத்துகளில் பத்தில் ஒன்று நிஜமாக விழுந்திருந்தாலும் மூன்றாம் ரவுண்டில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். இடக்கைக்காரனுக்கு எதிராக ஒரு சாம்பியன் அப்படித் திறந்துகொண்டு நிற்க மாட்டான்.

ஆனால் களைப்பு நிஜமாகத் தெரிகிறது. சண்டையைத் தலைகீழாகப் படமாக்கினார்கள். பதினைந்தாம் ரவுண்டை முதலில், முழு வீக்க ஒப்பனையோடு எடுத்து, பிறகு ஒவ்வொரு ரவுண்டாகப் பின்னோக்கிப் போய் ஒப்பனையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அசைவுகள் அத்தனையும் ஸ்டலோன் காகிதத்தில் எழுதிவைத்து இருவரும் ஒத்திகை பார்த்தவை. பதினாலாம் ரவுண்டில் ராக்கி விழுகிறான். மூலையிலிருந்து மிக்கி, எழுந்திருக்காதே, அப்படியே கிட என்று கையைக் காட்டுகிறார். அப்போலோ வெற்றிக் களிப்பில் கைகளைத் தூக்கிவிட்டான். ராக்கி கயிற்றைப் பிடித்து எழுகிறான். அப்போலோவின் கை மெதுவாகக் கீழே இறங்குகிறது. கார்ல் வெதர்ஸின் அந்த முகத்துக்காக எத்தனை தடுக்காத குத்தையும் மன்னிப்பேன்.

"அதென்ன பதினைந்து ரவுண்டு, பன்னிரண்டு தானே?" என்று கேட்பவர்களுக்கு: அப்போது பட்டப் போட்டி பதினைந்துதான். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்துபோன பிறகுதான் படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

ஏட்ரியனை அறைக்குக் கூட்டிப்போகும் காட்சியை இன்று எப்படிப் பார்ப்பது?

என் அக்கா மகள் எழுந்துபோன காட்சி இதுதான்.

பனிச்சறுக்கு அரங்கத்திலிருந்து திரும்புகிறார்கள். அவள் தயங்கித் தயங்கி அவன் அறைக்குள் வருகிறாள். போகவேண்டும், எனக்கு உன்னை அவ்வளவாகத் தெரியாது என்கிறாள். அவள் கதவருகே போக, அவன் குறுக்கே கையை வைத்து நிற்கிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான், தொப்பியைக் கழற்றுகிறான். முத்தம் கொடுக்கப்போகிறேன், நீ திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்கிறான். கடைசியில் அவளும் அணைத்துக்கொள்கிறாள்.

முன்பெல்லாம் நான் இதை வக்காலத்து வாங்கிப் பேசுவேன். முப்பது வருடம் யாரும் தொடாத கூச்சம், அதை அவன் கலைக்கிறான், டாலியா ஷயரின் கண்களைப் பார் என்றெல்லாம். அவளும் விரும்பித்தான் வந்தாள் என்பது முகத்தில் தெரிகிறது, அது உண்மை. ஆனால் அக்கா மகள் கேட்ட கேள்வி எளிது: "மாமா, அவ போறேன்னு எத்தனை தடவை சொன்னா, எண்ணினீங்களா?" எண்ணவில்லை. அடுத்த தடவை எண்ணினேன். இப்போது வக்காலத்தை விட்டுவிட்டேன். அவளுடைய விருப்பத்தைக் கடைசி நொடிவரை மறைத்துவைத்து, அதற்குள் ஆணின் பிடிவாதத்தைக் காதலாகக் காட்டுவது அந்தக் காலத்துப் படங்களின் பழக்கம். நம் ஊர்ப் படங்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. காட்சி நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

இதற்கு முந்தைய காட்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். பூட்டப்போகும் சறுக்கு அரங்கத்தில் காசு கொடுத்துப் பத்தே பத்து நிமிடம் வாங்குகிறான். அவள் காலில் சறுக்குக் காலணி. அவன் சாதா ஷூவோடு பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசுகிறான். காவலாளி நிமிடத்தை எண்ணிக் கத்துகிறான். கூட்டத்தோடு எடுக்க நினைத்த காட்சியாம், துணை நடிகர்களுக்குப் பணமில்லாததால் காலி அரங்கமாக மாற்றினார்கள். வறுமை சில சமயம் நல்ல இயக்குநர்.

கறுப்பின சாம்பியனை வெள்ளைக்காரன் எதிர்த்து நிற்பதைக் கொண்டாடும் படமா இது?

இந்தக் குற்றச்சாட்டு லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை. அப்போலோ யாரை வைத்து உருவானவன் என்பது எல்லாருக்கும் தெரியும்: முகமது அலி. 1979இல் இரண்டாம் பாகத்தை ஈபர்ட்டோடு உட்கார்ந்து பார்த்தார் அலி. கறுப்பன் மேலே வருவது அமெரிக்கா சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு எதிரானது, மேடையில் என் உருவத்தை ஈடுகட்டத்தான் திரையில் ராக்கி என்ற வெள்ளை உருவத்தை உண்டாக்கினார்கள் என்ற கருத்துப்பட அப்போது சொன்னார். 1977 ஆஸ்கர் மேடையில் ஸ்டலோன் எதிர்பாராதபோது பின்னாலிருந்து வந்து, நிஜமான அப்போலோ க்ரீட் நான்தான் என்று விளையாட்டாகச் சண்டைக்கு நின்றவரும் அவர்தான்.

படத்துக்கு உள்ளேயே இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. மதுக்கடையில் தொலைக்காட்சியில் அப்போலோவைப் பார்த்துக் கடைக்காரன் நிறத்தைச் சொல்லிக் கோமாளி என்கிறான். ராக்கிக்குக் கோபம் வருகிறது. அவர் உலக சாம்பியன், கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டவர், நீ எந்த வாய்ப்பைப் பிடித்தாய் என்று கேட்டுவிட்டு வெளியேறுகிறான். அப்போலோவும் வில்லன் இல்லை. படத்திலேயே அதிக மூளை உள்ள ஆள் அவன்தான்.

ஆனாலும் பிலடெல்ஃபியாவுக்குப் போனால் அலி சொன்னதன் எடை தெரியும். அந்த ஊரில் நிஜமாக ஒரு சாம்பியன் இருந்தார், ஜோ ஃப்ரேசியர். 1971 மார்ச் 8 அன்று அலியை முதன்முதலில் தோற்கடித்தவர். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகியதும், அருங்காட்சியகப் படிகளில் ஓடியதும் தானே என்று அவர் சொல்லியிருக்கிறார். ராக்கியில் அவருக்குக் கிடைத்தது சண்டைக்கு முன் மேடையேறிக் கையசைக்கும் ஒரு துண்டு வேடம். மூன்றாம் பாகத்துக்காகச் செய்த ராக்கியின் வெண்கலச் சிலை 1982இலேயே ஊருக்கு வந்துவிட்டது, 2006இல் அதை அருங்காட்சியகப் படிகளின் அடியில் வைத்தார்கள். ஃப்ரேசியருக்குச் சிலை வந்தது 2015இல். அவர் இறந்து கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆகியிருந்தது.

படத்தை வெறுக்கச் சொல்லவில்லை, நானே வெறுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் கையசைப்பு கொஞ்சம் குத்துகிறது.

உண்மைக் கதையா?

பொறி உண்மை, மற்றது கற்பனை. 1975 மார்ச் 24, ஒஹையோவின் ரிச்ஃபீல்டில் அலிக்கு எதிராக இறங்கினார் சக் வெப்னர். நியூஜெர்சியின் பயோன் நகரத்துக்காரர், மது விற்பனைப் பிரதிநிதி, அடிக்கடி முகம் கிழிந்து ரத்தம் கொட்டுவதற்குப் பேர்போனவர். ஒன்பதாம் ரவுண்டில் அலி கீழே விழுந்தார். காலை மிதித்துவிட்டார் என்றார் அலி, குத்துதான் என்றார் வெப்னர். பதினைந்தாம் ரவுண்டு முடிய 19 விநாடி இருக்கும்போது நடுவர் நிறுத்திவிட்டார். அந்த 19 விநாடியைத்தான் ஸ்டலோன் ராக்கிக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு மூன்றரை நாளில் முதல் பிரதியை எழுதியதாக ஸ்டலோன் சொல்வார். அதில் பெரும்பகுதி பிறகு மாறிவிட்டது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார், யாரும் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை. வெப்னர் 2003இல் வழக்குப் போட்டார், 2006இல் சமரசம் ஆனது.

இவ்வளவு குறைந்த செலவில் எடுத்தது என்று நம்பவே முடியவில்லை. நிஜமா?

சுமார் 10 லட்சம் டாலர், 28 நாள் படப்பிடிப்பு. வசூல் அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல். மேலே சொன்ன கால்சட்டை நிறக் குழப்பம் உண்மையில் கலைத்துறை செய்த தப்பு. மாற்றக் காசில்லை, அதனால் வசனமாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள். ராக்கியின் தொளதொள அங்கியும் அதே கதை.

அந்தப் படிக்கட்டுக் காட்சியை ஏன் இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? ஓடுகிறான், கையைத் தூக்குகிறான், அவ்வளவுதானே?

தனியாக யூடியூபில் பார்த்தால் அவ்வளவுதான். படத்தில் அவன் இரண்டு தடவை ஏறுகிறான். முதல் தடவை இருட்டு, குளிர், பின்னணியில் துள்ளும் பாட்டு இல்லை. மேலே போய் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். கேலிக்காரர்கள் பேசுவது இரண்டாம் தடவையைப் பற்றி மட்டும்.

பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் 72 படிகள். ஆடாமல் நகரும் ஸ்டெடிகேம் கருவியைக் கண்டுபிடித்த காரெட் பிரவுன், அதைச் சோதித்துப் பார்க்கத் தன் காதலி அந்தப் படிகளில் ஓடுவதைப் படம்பிடித்திருந்தார். அந்தத் துண்டைப் பார்த்த ஏவில்ட்சன், இந்தப் படி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். பில் கான்டியின் பாட்டில் மொத்தமாக முப்பது வார்த்தைதான் வரும். 1977 ஜூலையில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம். சந்தைத் தெருவில் ஓடும்போது ஒரு கடைக்காரர் ஆரஞ்சுப் பழத்தை வீசுவார், ராக்கி பிடித்துக்கொள்வான். அவர் நடிகர் இல்லை, படம் எடுக்கிறார்கள் என்றும் அவருக்குத் தெரியாது.

பாலியை எப்படித்தான் சகித்துக்கொள்கிறார்கள்?

சகிக்கவில்லை. நன்றி தெரிவிக்கும் நாளில் அடுப்பிலிருந்த வான்கோழியைத் தூக்கிச் சந்தில் எறிகிறவன். பேஸ்பால் மட்டையை எடுத்து வீட்டை நொறுக்குகிறவன். அந்த இரவில்தான் ஏட்ரியன் முதன்முதலாக அவனுக்கு எதிராகக் குரலை உயர்த்துகிறாள், உனக்குச் சமைத்தேன், வீட்டைப் பார்த்தேன், எனக்கு நீ என்ன செய்தாய் என்று. ராக்கியைவிட பெரிய சண்டை அவளுடையது. பர்ட் யங் அவனை முழுக்க வெறுக்கவும் விட மாட்டார். கெஞ்சுகிறபோது ஒரு குழந்தைத்தனம் வந்துவிடுகிறது.

சார்பட்டா பரம்பரை இதன் நகல் என்கிறார்களே?

எனக்கு அப்படித் தெரியவில்லை. பயிற்சியும் பாட்டும் சேர்ந்து வரும் காட்சி எந்தக் குத்துச்சண்டைப் படத்தில் வந்தாலும் அதில் ராக்கியின் ரத்தம் கொஞ்சம் இருக்கும், 'நீயே ஒளி'யிலும் இருக்கிறது. ஆனால் ராக்கி தனிக்கட்டை. கபிலன் பரம்பரை மானத்தைச் சுமப்பவன், ரங்கன் வாத்தியார் கண்ணசைத்தால்தான் கையுறை மாட்டுவான். சாதி, கட்சி, நெருக்கடி நிலை எல்லாம் அந்த மேடைக்குள் இருக்கின்றன. ஒரு வேடிக்கை: ராக்கி அப்போலோவோடு மோதுவது 1976 ஜனவரி 1. சார்பட்டாவில் சண்டைக்கு நடுவே போலீஸ் நுழையக் காரணமான ஆட்சிக் கலைப்பு நடந்தது அதே மாதம் 31ஆம் தேதி.

மற்ற பாகங்களையும் பார்க்க வேண்டுமா?

இரண்டு பரவாயில்லை. மூன்றும் நான்கும் ஜாலி, அப்பளம் மாதிரி. ஐந்தை விட்டுவிடலாம். 2006இல் வந்த ஆறாவது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கும். 2015இல் ரயன் கூக்ளர் எடுத்த க்ரீடைக் கட்டாயம் பாருங்கள், அப்போலோவின் மகன் கதை. அலியின் புகாருக்கு முப்பத்தாறு வருடம் கழித்து வந்த பதில் மாதிரி இருக்கும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். வசவு கொஞ்சம் உண்டு, கண்ணிமையைக் கீறி ரத்தம் எடுக்கும் இடத்தில் சிறுசுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏட்ரியன் காட்சியை நிறுத்திவைத்துப் பேசிவிட்டுத் தொடருங்கள்.

ஒரே ஒரு காட்சியைத்தான் காட்ட முடியும் என்றால் எதைக் காட்டுவீர்கள்?

மிக்கி ராக்கியின் அறைக்கு வரும் காட்சி. சண்டை உறுதியான பிறகு, லாக்கரைப் பிடுங்கிக்கொண்ட அதே கிழவர், உனக்கு மேனேஜர் வேண்டும், நான் வருகிறேன் என்று கெஞ்ச வருகிறார். இது பரிவா சந்தர்ப்பவாதமா என்று ஒவ்வொரு தடவையும் தகராறு நடக்கும். இரண்டும்தான். 1923 செப்டம்பர் 14 அன்று எதிராளியை மேடைக்கு வெளியே தள்ளினேன், அதே நாள் ஃபிர்போ என்பவன் உலக சாம்பியன் டெம்ப்சியைத் தள்ளிவிட்டான், பத்திரிகையில் வந்தது அவன் பேர்தான், என்னுடையது இல்லை என்று புலம்புகிறார். தன் இளவயதுப் படத்தைக் காட்டுகிறார். ராக்கி ஒன்றும் பேசவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறான். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். அவர் போன பிறகுதான் அவன் வெளியே வந்து மூடிய கதவைப் பார்த்துக் கத்துகிறான்: பத்து வருடம் முன்னால் எங்கே போனீர்கள், இப்போது வருகிறீர்களே, இந்த நாறும் வீட்டுக்கா என்று. கீழே போய்க்கொண்டிருப்பவர் காதில் அத்தனையும் விழுகிறது.

பிறகு தெரு. கேமரா தூரத்தில் நிற்கிறது, கிட்டே போகவே இல்லை. ராக்கி ஓடி வந்து அவரைப் பிடிக்கிறான். தோளில் கை போடுகிறான். ஏதோ பேசுகிறார்கள், நமக்கு ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.